வேனை ஒளித்து வைத்த ஊர்

எழுத உட்காருவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். அதுவும் ஆந்திராவில் தமிழ் மீடியம். எங்கள் தமிழைக் கேட்டால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் தெலுங்கைக் கேட்டால் திருப்பதிக்காரர்கள் சிரிப்பார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரில் முகம் எதுவும் இல்லை, அந்த தைரியம்தான். பெரிய விஷயமும் இல்லை. தப்பு இருந்தால் மன்னித்துப் படிக்க வேண்டும்.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. முன்பு சித்தூர் ஜில்லா என்றார்கள், இப்போது திருப்பதி ஜில்லா என்கிறார்கள். ஊர் அசையவில்லை. ஹைவே பக்கம் மட்டும் நிறைய அசைந்துவிட்டது. முள்வேலி போட்டார்கள், கம்பெனிகள் வந்தன. செல்போன் செய்கிறார்கள், ஏ.சி. செய்கிறார்கள், குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர்கூடச் செய்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் அங்கே வேலைக்கு வந்து தங்கினார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் சென்னைக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பெண்கள். கம்பெனிக்காரர்களுக்கும் பெண்கள்தான் வேண்டுமாம், விரல் மெல்லிசு என்று.

கம்பெனி பஸ் ஹைவேயில்தான் நிற்கும். ஊரிலிருந்து ஹைவேக்குத் தோப்பு வழியாக நடக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் அந்த வழியில் நாய்கூடத் தனியாகப் போகாது. ஏதோ ஒரு டிரஸ்ட் ஒரு வேன் ஏற்பாடு செய்தது. வீட்டு வாசலில் ஏற்றி ஹைவேயில் இறக்கும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். என் பெண்ணும் போனாள், செல்போன் கம்பெனிக்கு. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வேன் நிக்கிற அன்னிக்கி வேலையும் நிக்கும். அப்பால என் கிட்ட வந்து அழக்கூடாது."

கெட்ட மனிதர் இல்லை. அந்த இருட்டில் பெண்ணை நடக்கவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னால் சொன்னது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் வேன் டிரைவர் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சேதி சொன்னார்.

"அக்கா, வேன் கான்ட்ராக்டு முடியப்போவுதாம். இந்த ஊருல இன்னா மாறிச்சி, எதால மாறிச்சின்னு கேக்க ஆளுங்க வராங்களாம். அத்தப் பாத்துட்டுத்தான் மேல ஓட்டுறதா நிறுத்துறதான்னு சொல்லுவாங்களாம்."

அவர் சொன்னது இது. தெருக்கோடி போய்ச் சேருவதற்குள் சேதி வேறு ஆகிவிட்டது. "வேன எடுத்துகினு போவ ஆளு வருது" என்றார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பாடம் இருந்தது. முன்பு சர்வேக்கு வந்த யாரோ ஒருவரிடம் ஒருத்தி புது ஃபிரிட்ஜைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டாள். கொஞ்ச நாளில் அவள் ரேஷன் கார்டு நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. உண்டு என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அதிலிருந்து, எழுதுகிற ஆள் வந்தால் நல்லா இருக்கிறோம் என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் கண்ணு படும், இல்லாவிட்டால் கார்டு போகும்.

அதனால் ஊர் கூடிப் பேசி வேனை ஒளித்து வைப்பது என்று தீர்மானித்தது. ஊருக்கு வெளியில் ஒரு பழைய செங்கல் சூளை இருக்கிறது. ஆள் வந்து போகிற நாட்களில் எல்லாம் வேன் சூளைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், பெண்கள் கும்பலாக அங்கே போய் ஏற வேண்டும், அங்கேயே இறங்க வேண்டும். "வேன்" என்ற வார்த்தை யார் வாயிலும் வரக்கூடாது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். காட்ட வேண்டியதைப் போய் ஒளிக்கிறீர்களே என்றார். வெளியூர்க்காரர் பேச்சை யார் கேட்பார்கள்.

இதற்கு நடுவில் நான் எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்க வருகிற மேடம் தெலுங்குக்காரர். தமிழ் புரியும், பேசினால் தடுக்கும். வீட்டு விஷயத்தைத் தமிழில் கேட்க உள்ளூரில் ஒரு பெண் வேண்டும் என்று எங்கள் மகளிர் சங்கத்துக்குப் போன் வந்தது. சங்க லீடர் என் பெயரைச் சொல்லிவிட்டார். எனக்கு முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

திருப்பதியில் பயிற்சி. ஒரு லாட்ஜின் மாடியில் ஹால். கீழே மொட்டை போட்ட குடும்பங்கள் தலையில் சந்தனத்தோடு போய்க்கொண்டே இருக்க, மேலே மேடம் போர்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சிரித்த முகம்.

வேலை இதுதான். இந்தக் கொஞ்ச வருஷத்தில் வீட்டில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை ஒரு வட்டத்துக்குள் எழுத வேண்டும். எதனால் என்று கேட்க வேண்டும். அதையும் ஒரு வட்டத்துக்குள் எழுதி, இதிலிருந்து அதற்கு ஓர் அம்பு போட வேண்டும். நிறையப் பேர் ஒரே காரணத்தைச் சொன்னால் அம்பு தடிமனாகும். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. அவர்கள் நம்புவது நிஜமா என்று நாம் தீர்ப்பு சொல்லக்கூடாது. அவர்கள் வாயில் வராத எதையும் நாம் முதலில் சொல்லக்கூடாது. நாமாக ஓர் அம்பும் போடக்கூடாது.

"யாரு நம்மள அனுப்பிச்சாங்க மேடம்?" என்று பயிற்சிக்கு வந்த இன்னொருவர் கேட்டார்.

"எனக்கும் சொல்லல. தெலிஸ்தே, தெரிஞ்சா நம்ம மூஞ்சி காட்டி குடுத்துடும் இல்லையா" என்றார் மேடம்.

எனக்கோ டிரைவர் சொன்னது தெரியும். ஆனால் என் முகத்தில் எதுவும் தெரியாது என்று வீட்டில் எப்போதும் திட்டுவார்கள். அது முதல் தடவையாக உபயோகப்பட்டது.

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்தபோது எனக்கு அந்த வியாதி பிடித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் வட்டம், அம்பு. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தால் அதற்கு முந்தைய வட்டத்தில் ரசம் இல்லை. அதற்கு முந்தைய வட்டத்தில் நான் புளி ஊறவைக்க மறந்தது. அதற்கும் முந்தைய வட்டத்தில் அவருடைய அக்கா போனில் நெடுநேரம் பேசியது. ஆக, அவர் கோபத்துக்கு அவர் அக்காதான் காரணம். தடிமனான அம்பு. சொல்லவில்லை, மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் நல்லது மட்டும் கேட்க வேண்டும். எதிர் வீட்டு அத்தையிடமிருந்து ஆரம்பித்தேன். அவர் மருமகளும் அந்த வேனில்தான் போகிறாள்.

"வூட்டுல நல்லதா இன்னா மாறிச்சி அத்தே?"

"நல்லதா? ஒண்ணும் கெடையாது. ஏதோ கஞ்சி குடிச்சிகினு கீறோம்."

அவர் உட்கார்ந்திருந்தது புது டைல்ஸ் தரை. தலைக்கு மேல் புது ஃபேன். எனக்கு அடுத்த கேள்வி கேட்க வெட்கம். சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்தது அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"டைல்ஸப் பாக்கிறியா? அது காணிப்பாக்கம் சாமி குடுத்தாரு."

"ஃபேனு அத்தே?"

"அதுவும் அவருதான்."

வட்டத்துக்குள் பிள்ளையாரை எழுதினேன். அவரிடமிருந்து டைல்ஸுக்கு ஒரு பச்சை அம்பு, ஃபேனுக்கு ஒரு பச்சை அம்பு. அதே அத்தையிடம் மேடம் தெலுங்கில் கேட்டபோது டைல்ஸுக்குக் காரணம் நல்ல மழையும் அரசாங்கமும் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் தெலுங்கு ஆபீசு பாஷை. ஆபீசு பாஷையில் காரணம் எப்போதும் அரசாங்கம்தான். தமிழில் கேட்டால் சாமி. இரண்டையும் ஒரே தாளில் வரைய வேண்டி வந்தபோது மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் முழுக்க இதே கதை. பிள்ளையார் எங்கள் தாளில் குண்டாகிக்கொண்டே போனார். வேன் மட்டும் எந்த வட்டத்திலும் வரவில்லை.

தினமும் சாயங்காலம் சூளையிலிருந்து நடந்து வந்து செருப்பை உதறும்போதே என் பெண் கேட்பாள்.

"மா, இன்னிக்காச்சும் யாராச்சும் வேனப் பத்தி சொன்னாங்களா?"

"யாரு இன்னா சொன்னாங்கன்னு நான் சொல்லக்கூடாதுடி. ரூல்சு."

"உன் ரூல்ச நம்பி என் வேல பூடும் போல கீது."

அவள் சொன்னது நியாயம். வேனைக் காப்பாற்ற ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. இந்த வேனால் ஒரு உபயோகமும் இல்லை என்று அதே மூடிய வாய் தாளில் எழுதிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், ஆனால் நான் கேட்கக்கூடாது. அப்படியே கேட்கலாம் என்றாலும் எனக்கு எங்கே வாய் வந்தது.

இரண்டாம் சுற்று கெட்டது. மறுபடி எதிர் வீட்டு அத்தை. நான் கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

"கெட்டதா? எத்தச் சொல்றது எத்த வுடுறது. மருமவளுக்கு வாயி நீண்டுபூட்ச்சி."

"எதால அத்தே?"

"சம்பளம் வாங்குறா இல்ல. கைல காசு வந்தா வாயி வராதா?"

"அது எதால?"

"இன்னாம்மே எதால எதாலன்னு. கம்பெனிக்கிப் போறா, சம்பளம் வாங்குறா."

நான் சும்மா இருந்தேன். என் சும்மா வேலை செய்தது.

"அந்த வீணாப்போன வேனு வந்து வாசல்ல நிக்கிது. மகாராணி கணக்கா ஏறிக் குந்திக்கினு போறா. அது இல்லன்னா இவ போயிருப்பாளா?"

சொல்லி முடித்த பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். நான் அதற்குள் வட்டம் போட்டுவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த வட்டத்தில் எழுதுவது.

குறை சொல்ல ஆரம்பித்ததும் ஊர் தன் கட்டுப்பாட்டை மறந்துவிட்டது. காலையில் தண்ணீர் பிடிக்க ஆள் இல்லை, வேனால். எருமையை விற்க வேண்டியதாகிவிட்டது, கறக்க ஆள் இல்லை, வேனால். பெண் கேட்டு வருகிறவர்கள் பெண் வேலைக்குப் போகிறாளா என்று முதலில் கேட்கிறார்கள், வேனால். மகன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான், அதுவும் வேனால். என் வீட்டில் நான் கேட்கக்கூடாது என்பதால் மேடம் போய்க் கேட்டார். யார் சொன்னது என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வட்டத்தில் "சாயங்காலம் டீயை நானே போட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தது. எங்கள் தெருவில் தனக்குத் தானே டீ போடுகிற ஆம்பளை ஒருவர்தான்.

எல்லாத் தாளையும் சேர்த்துப் பெரிய சார்ட்டில் மேடம் வரைந்து முடித்த அன்றைக்குத்தான் நான் நிறத்தைப் பார்த்தேன். நடுவில் வேன். அதிலிருந்து நாலா பக்கமும் தடித் தடியாகச் சிவப்பு அம்புகள். ஊரைக் கெடுக்க வந்த பூதம் மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் பிள்ளையார் பச்சையாக உட்கார்ந்திருந்தார்.

"மேடம், செவப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீது" என்றேன்.

"அவங்க சொன்னதுதானே அக்கா. நாம நெறம் மாத்தகூடாது. ஊர்லயே காட்டுவோம். தப்புன்னா அவங்க சொல்லட்டும்."

எங்கள் ஊரில் குறை சொல்வதுபோலத்தான் பெருமை பேச முடியும் என்று அவரிடம் விளக்க நினைத்தேன். "எம் புள்ள சொன்ன பேச்சே கேக்க மாட்டான்" என்று ஒருத்தி சொன்னால் பிள்ளை நல்ல நிலைமைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஊர்க் கூட்டம் ஸ்கூல் வராந்தாவில். சார்ட்டைச் சுவரில் ஒட்டினோம். மேடம் தெலுங்கும் தமிழும் கலந்து பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்க ஊர்ல நெறைய கஷ்டத்துக்கு இந்த வேன்தான் காரணம்னு நீங்க சொல்லியிருக்கீங்க. கரெக்டா?"



"எந்த வேனு?" என்றார் பின்னால் ஒருவர். சிரிப்பை அடக்க முடியாமல் யாரோ இருமினார்கள்.

எதிர் வீட்டு அத்தை எழுந்தார்.

"செவப்புன்னா கெட்டதா?"

"அவுனம்மா, ஆமா."

"மருமவளுக்கு வாயி நீண்டுச்சின்னு நான் சொன்னேன். கெட்டதுன்னு எப்ப சொன்னேன்?"

"கெட்டதா என்ன மாறிச்சுன்னு கேட்டப்போ சொன்னீங்க."

"கேட்டாங்க, சொன்னேன். கேக்கும்போது சொல்லாம ஊமை கணக்கா குந்திகினு இருக்கச் சொல்றியா? தோ, போன மாசம் கரண்டு பில்லு ஏடாகூடமா வந்துச்சி. எம் புள்ள பில்லப் பாத்துட்டு தலைய சொறிஞ்சிகினு நின்னான். அவதான் ஆபீசுக்குப் போயி நாலு வார்த்த கேட்டு கொறச்சிகினு வந்தா. அந்த வாயி எனக்கு கெட்டதா?"

மேடம் பச்சைப் பேனாவை எடுத்து அந்தச் சிவப்பு அம்பின் மேல் இன்னொரு கோடு இழுத்தார். அத்தை எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஒரப்பா" என்றார்.

அடுத்து மேடம் விரலை டீ அம்பின் மேல் வைத்தார். அது நல்லதா கெட்டதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பளைகள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானாக ஓர் அம்பும் போடக்கூடாது. அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மேடம், என்னிய யாரும் கேக்கவே இல்லியே."

மேடம் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஊரார் எல்லாரிடமும் கேட்ட அதே மாதிரி, எதுவும் தெரியாத முகத்தோடு, கேட்டார்:

"உங்க வீட்ல என்ன மாறிச்சு அக்கா?"

"எம் பொண்ணு ஏன்னு கேட்டா அவங்க நைனா பதில் சொல்றாரு. முன்ன சொல்ல மாட்டாரு."

"எதனால?"

"அவ வேலைக்கிப் போறதால."

"அது எதனால?"

"வேனால."

"நல்லதா, கெட்டதா?"

"நல்லது."

அவ்வளவுதான் பேசினேன். மேடம் பச்சை அம்பு போட்டார். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. எருமை போனது நல்லதுதான், அது வருஷத்தில் பாதி நாள் கறக்கவே கறக்காது என்றார்கள். சோறு வடிக்கிற மகனைப் பச்சையாக்கு என்றாள் அன்றைக்கு லீவு போட்டிருந்த அவன் பெண்டாட்டி, அவனோ வேண்டாம் என்றான். சிவப்பு மேல் பச்சை ஏறி சார்ட் முழுக்க பிரவுன் ஆகிவிட்டது. பிள்ளையார் வட்டத்தை எடுத்துவிடலாமா என்று மேடம் கேட்டபோது மட்டும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக அவரிடமிருந்து வேனுக்கு ஓர் அம்பு போடச் சொன்னார்கள். போட்டோம்.

முடிந்தது என்று நினைத்தபோது அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை நல்லதை இத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. ஸ்கூல் சமையலறையிலிருந்து ஒரு பிடி உப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்து சார்ட்டைச் சுற்றினார். பிறகு மேடத்தைச் சுற்றினார். அடுப்பில் போட்டார். வராந்தா முழுக்க இருமல்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பையை எடுத்தார்.

"அக்கா, சூளை பின்னால வேன் நிக்கும் இல்ல, அத இங்க வரச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்கிறேன்."



"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல் நாளே பாத்தேன். நீங்க யாராச்சும் சொல்லாம நான் எப்படி சொல்றது? எனக்கும் ரூல்சு அதேதானே."

வேன் வந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள் இறங்கினார்கள், என் பெண்ணும்தான். மேடம் ஏறிப் போனார். வேன் தொடர்ந்து ஓடுமா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னார்:

"வேன் நின்னாலும் நிக்கட்டும். நான் பைக்குல கொண்டும்போயி ஹைவேயில வுடுறேன்."

என் பெண் என் கையைக் கிள்ளினாள். எதனால் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை வேன் கொஞ்சம் லேட்டாக வந்தது. என் பெண்ணும் எதிர் வீட்டு மருமகளும் வாசலிலேயே ஏறிப் போனார்கள்.